ஓட்டமும் விசுவாசமும்: ஒரே ஒரு படம் போடலாம் என்றால் எதைப் போடுவது?

வாலிபர் கூட்டத்திலோ, கல்லூரி விடுதியிலோ, விளையாட்டுப் பயிற்சி முகாமிலோ ஒரு மாலை படம் போடலாம் என்று பேச்சு வரும். ஓட்டமும் இருக்க வேண்டும், கடவுள் நம்பிக்கையும் இருக்க வேண்டும், உண்மைக் கதையாகவும் இருந்தால் நல்லது என்பார்கள். முதலில் அடிபடும் பெயர் 1981இல் வந்த 'சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்'. உடனே ஒருவர், "அது மெதுவாகப் போகும், பசங்க தூங்கிடுவாங்க, 'அன்புரோக்கன்' போடலாம்" என்பார். இன்னொருவர் மில்கா சிங் படத்தைச் சொல்வார். விவரம் தெரிந்த யாராவது ஒருவர், 'சாரியட்ஸ்' நாயகர்களில் ஒருவரான எரிக் லிடெலின் சீன வாழ்க்கையைப் பற்றி 2016இல் வந்த படத்தை நினைவுபடுத்துவார். கடைசியில் யாரிடம் எந்தப் படம் கையில் இருக்கிறதோ அதுவே ஓடும்.

எல்லாம் ஓட்டக்காரர்களின் கதைதான் என்றாலும் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போட முடியாது. தேர்ந்தெடுக்க நான் பார்ப்பது ஒன்றைத்தான்: கதையில் நம்பிக்கை எந்த இடத்தில் வருகிறது? பல படங்களில் ஓட்டம் முதலில், துன்பம் நடுவில், கடவுள் கடைசியில். அங்கே நம்பிக்கை ஆறுதலாகவோ மருந்தாகவோ வருகிறது. அது ஓடுபாதைக்கே வந்து, ஓடாதே என்று குறுக்கே நிற்கும் படம் எனக்குத் தெரிந்து இவற்றுள் ஒன்றுதான். அதனால் என் ஓட்டு எதற்கு என்பது இப்போதே தெரிந்திருக்கும். ஆனால் எல்லாக் கூட்டத்துக்கும் அதையே போடச் சொல்ல மாட்டேன்.

முதலில் 'சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்'. ஹியூ ஹட்சன் இயக்கிய முதல் முழுநீளக் கதைப்படம் இது. தயாரிப்பாளர் டேவிட் பட்னம், மனசாட்சிக்காக நிற்கும் ஒரு மனிதனின் கதையைத் தேடிக்கொண்டிருந்தார். லாஸ் ஏஞ்சல்ஸில் வாடகை வீட்டில் காய்ச்சலோடு படுத்திருந்தபோது, அங்கே கிடந்த ஒலிம்பிக் வரலாற்றுப் புத்தகத்தைப் புரட்டப்போய் லிடெலைக் கண்டுபிடித்தார். திரைக்கதை காலின் வெல்லண்ட், இசை வாங்கெலிஸ். ஏழு ஆஸ்கர் பரிந்துரைகளில் நான்கை வென்றது: சிறந்த படம், அசல் திரைக்கதை, இசை, உடை வடிவமைப்பு.

கதை 1924 பாரிஸ் ஒலிம்பிக். இரண்டு பேர் ஓடுகிறார்கள். ஹரால்ட் ஏப்ரஹாம்ஸ் கேம்பிரிட்ஜ் மாணவர், யூதர். தந்தை லித்துவேனியாவிலிருந்து வந்து குடியேறியவர். பணம் இருக்கிறது, படிப்பு இருக்கிறது, ஆனாலும் தன்னை இங்கிலாந்து முழுதாகச் சேர்த்துக்கொள்ளவில்லை என்ற கோபம் அவருக்கு. ஓடி ஜெயித்து அந்தக் கணக்கைத் தீர்க்கப் பார்க்கிறார். எரிக் லிடெல் 1902இல் சீனாவின் தியென்சினில் ஸ்காட்லாந்து மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். ஸ்காட்லாந்துக்காக ரக்பி ஆடியவர், எடின்பரோவில் படித்தவர், மேடையேறிப் பிரசங்கம் செய்பவர். ஞாயிறு கடவுளுக்குரிய ஓய்வுநாள் என்பது அவர் நம்பிக்கை. 100 மீட்டர் தகுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமை என்று தெரிந்ததும் ஓட மறுத்துவிடுகிறார். அந்த 100 மீட்டரை ஏப்ரஹாம்ஸ் 10.6 நொடியில் வெல்கிறார். லிடெல் 400 மீட்டருக்கு மாறி 47.6 நொடியில் தங்கம் வாங்குகிறார்.

கதைச்சுருக்கத்தைக் கேட்டால் பக்திப் படம் போலத் தெரியும். அப்படி இல்லை என்பதுதான் இதைத் தேர்ந்தெடுக்க முதல் காரணம். படத்தின் பாதி ஏப்ரஹாம்ஸுடையது. அவருக்கு ஜெபம் கிடையாது. பயம் இருக்கிறது. இறுதிப் பந்தயத்துக்கு முன்னால் நண்பனிடம் அவர் பேசும் காட்சி ஒன்று வரும். என் இருப்பையே நியாயப்படுத்திக் காட்ட எனக்குக் கிடைப்பது பத்து நொடிதான் என்கிறார். தோற்றுவிடுவோமோ என்ற பயம் போய், இப்போது ஜெயிக்கவே பயமாக இருக்கிறது என்கிறார். ஜெயித்த பிறகு உடை மாற்றும் அறையில் வெறித்துப்போய் உட்கார்ந்திருக்கிறார். மதிப்பெண்ணுக்காகவும் பதக்கத்துக்காகவும் ஓடிக்கொண்டிருக்கும் நம் பிள்ளைகளுக்கு லிடெலைவிட ஏப்ரஹாம்ஸ்தான் கிட்டத்து உறவு.

அவருடைய பயிற்சியாளர் சாம் முசபினி. காசு வாங்கிக்கொண்டு பயிற்சி தருவது அன்றைய கனவான்களுக்குக் கேவலம். கல்லூரித் தலைவர்கள் இருவர் ஏப்ரஹாம்ஸைக் கூப்பிட்டு விருந்து வைத்து, இனிக்க இனிக்கப் பேசி, "நீ நம்மவன் இல்லை" என்பதை நாசூக்காகச் சொல்லும் காட்சி இந்தப் படத்தின் உச்சங்களில் ஒன்று. பந்தய நாளில் முசபினி மைதானத்துக்குள் வருவதில்லை. விடுதி அறையில் தனியாகக் காத்திருக்கிறார். வெளியே தேசிய கீதம் கேட்கிறது. கொடி ஏறுவதைப் பார்த்தவுடன் தன் வைக்கோல் தொப்பியில் ஓங்கி ஒரு குத்து விடுகிறார், தொப்பி கிழிகிறது. அந்த ஒரு குத்துக்காகவே அந்தப் பாத்திரத்தில் நடித்த இயன் ஹோமுக்கு ஆஸ்கர் கொடுத்திருக்கலாம். பரிந்துரையோடு நின்றுபோனது.

எதிரில் லிடெல். இயன் சார்ல்சன் இந்தப் பாத்திரத்துக்காக வேதாகமம் முழுவதையும் படித்தார். மழையில் குடை பிடித்து நிற்கும் தொழிலாளர்களிடம் லிடெல் பேசும் பிரசங்கத்தை அவரே எழுதினார். அதனால்தான் அதில் நடிகர் வசனம் ஒப்பிக்கும் வாடை இல்லை. இன்னொரு காட்சியில், தான் ஓடியிருக்க வேண்டிய ஞாயிறன்று பாரிஸ் தேவாலயத்தில் நின்று ஏசாயா 40ஆம் அதிகாரத்தை வாசிக்கிறார். "ஓடினாலும் இளைப்படையார்கள், நடந்தாலும் சோர்ந்துபோகார்கள்" என்று நம் சபைகளில் மனப்பாடமாகச் சொல்லும் அதே வசனம். குரல் பின்னணியில் ஒலிக்க, மைதானத்தில் மற்றவர்கள் விழுவதும் களைப்பதும் திரையில் ஓடுகின்றன. யார் சரி, யார் தவறு என்று படம் தீர்ப்புச் சொல்வதில்லை. பல மதத்துப் பிள்ளைகளும், மதமே வேண்டாம் என்பவர்களும் கலந்து உட்கார்ந்திருக்கும் அறையில் இது பெரிய வசதி.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். நீளம் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். அது பிரச்சினை இல்லை. முதல் 40 நிமிடம்தான் சோதனை. 1978இல் ஏப்ரஹாம்ஸின் நினைவு ஆராதனையில் தொடங்கி, பின்னோக்கிப் போய், கேம்பிரிட்ஜ், பாட்டு, நாடகம், பிரபுக்கள் என்று மெதுவாகச் சுற்றி வரும். உச்சரிப்பும் பழைய பிரிட்டிஷ் உச்சரிப்பு. எழுத்து வசனம் இல்லாமல் போட்டால் பின்வரிசை முழுக்க செல்போன் வெளிச்சம்தான். அப்புறம் ஒரு சிக்கலை யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். கடற்கரையில் வெள்ளை உடையில் இளைஞர்கள் ஓடும் அந்தப் புகழ்பெற்ற காட்சியையும் இசையையும் பிள்ளைகள் கேலியாகத்தான் முதலில் பார்த்திருப்பார்கள். 2012 லண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவில் மிஸ்டர் பீன் புகழ் ரோவன் அட்கின்சன் அதைக் கிண்டலடித்தது நினைவிருக்கும். படம் தொடங்கியதுமே அறையில் சிரிப்பு எழும். எழட்டும், இரண்டு நிமிடத்தில் அடங்கிவிடும்.

உண்மைக் கதை என்று சொல்லிப் போடுவதானால்

நம் கூட்டங்களில் படம் முடிந்ததும் ஒருவர் எழுந்து, "இது உண்மையாக நடந்தது" என்று பேசத் தொடங்குவார். அங்கேதான் கவனம் வேண்டும். படத்தில், பாரிஸுக்குக் கப்பல் ஏறும் நேரத்தில் பத்திரிகைக்காரர் ஒருவர் கேட்டுத்தான் ஞாயிறு சுற்று பற்றி லிடெலுக்குத் தெரியவருகிறது. உண்மையில் அட்டவணை பல மாதங்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. அவர் அப்போதே முடிவெடுத்து, 400 மீட்டருக்காகப் பயிற்சி செய்து தயாரானார். படத்தில் லிண்ட்ஸே என்ற பிரபு தன் 400 மீட்டர் இடத்தை விட்டுக்கொடுக்கிறார். அந்தப் பாத்திரமே கற்பனை, டேவிட் பர்லி பிரபுவை ஓரளவு வைத்து உருவாக்கியது. வேல்ஸ் இளவரசரும் ஒலிம்பிக் குழுவினரும் சேர்ந்து லிடெலை நெருக்கும் காட்சியும் நாடகத்துக்காக எழுதியதுதான்.

உண்மை இதைவிட எனக்குப் பிடிக்கிறது. கப்பல் படிக்கட்டில் பதறி எடுக்கும் முடிவு சினிமாவுக்கு நன்றாக இருக்கும். மாதக்கணக்கில் எல்லாரும் திட்டிக்கொண்டிருக்க, நாள் தவறாமல் வேறொரு தூரத்துக்குப் பழகிக்கொண்டிருந்த மனிதன்தான் பிள்ளைகளுக்குச் சொல்லத்தக்கவன். இன்னொன்றும் இருக்கிறது. லிடெல் விட்டது 100 மீட்டரை மட்டும் இல்லை. ஞாயிறு காரணமாகவே இரண்டு தொடர் ஓட்டங்களிலும் அவர் ஓடவில்லை. அந்த 4×100இல் பிரிட்டன் வெள்ளியும், 4×400இல் வெண்கலமும் வாங்கியது. அவர் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அணியில் இருந்தவர்கள் யோசிக்காமலா இருந்திருப்பார்கள்? தனி ஆள் தியாகம் செய்வது ஒன்று. அது கூட நிற்பவர்களுக்கும் செலவு வைப்பது வேறொன்று. படம் தொடாத இந்தக் கேள்விதான் கலந்துரையாடலுக்கு மிகப் பொருத்தமானது.

200 மீட்டரும் அப்படித்தான். அதில் லிடெலும் ஏப்ரஹாம்ஸும் இறுதிச் சுற்றில் ஒன்றாகவே ஓடினார்கள். லிடெலுக்கு வெண்கலம், ஏப்ரஹாம்ஸ் ஆறாவது. இருவரும் பாரிஸில் நேருக்கு நேர் மோதிய பந்தயம்! இருவர் கதையைச் சொல்லும் படம் அதில் ஏப்ரஹாம்ஸ் தோற்பதை மட்டும் காட்டி, லிடெல் ஓடியதை விட்டுவிட்டது வேடிக்கைதான்.

சின்னச் சின்ன மாற்றங்கள் இன்னும் உண்டு. கல்லூரி முற்றத்தில் மணியடித்து முடிவதற்குள் சுற்றி ஓடும் பந்தயத்தை ஏப்ரஹாம்ஸ் ஓடியதே இல்லை. 1927இல் அதைச் செய்து காட்டியவர் பர்லி பிரபு. டிரினிட்டி கல்லூரி இடம் தராததால் அந்தக் காட்சியை ஈட்டன் பள்ளியில் எடுத்தார்கள். லிடெலின் தங்கை ஜென்னி அண்ணன் ஓடுவதை எதிர்ப்பதாகக் காட்டியிருப்பது அநியாயம், அவர் அப்படி எதிர்க்கவில்லை. 400 மீட்டருக்கு முன் கையில் கிடைக்கும் துண்டுச்சீட்டு மட்டும் பாதி உண்மை. "என்னைக் கனம்பண்ணுகிறவர்களை நான் கனம்பண்ணுவேன்" என்ற சாமுவேல் புத்தக வசனத்தோடு அப்படி ஒரு சீட்டு உண்மையிலேயே வந்தது. ஆனால் கொடுத்தவர் படத்தில் வரும் அமெரிக்க ஓட்டக்காரர் ஜாக்சன் ஷோல்ஸ் இல்லை, பிரிட்டிஷ் அணியின் உடல்பிடிப்பாளர்.

கடவுள் என்னை வேகமாகப் படைத்தார், நான் ஓடும்போது அவர் மகிழ்வதை உணர்கிறேன் என்று லிடெல் சொன்னதாக ஒரு வாசகம் வாட்ஸப் படங்களில் சுற்றுகிறது. அது லிடெல் சொன்னது கிடையாது. வெல்லண்ட் எழுதிய வசனம். பிரசங்கத்தில் பயன்படுத்துங்கள், தப்பில்லை. படத்தில் வரும் வசனம் என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

'அன்புரோக்கன்': இரண்டு படம், ஒரு மனிதர்

இப்போது எதிர்த்தரப்பு. லூயி ஸாம்பெரினி அமெரிக்கர், 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் 5000 மீட்டரில் எட்டாவதாக வந்தவர். கடைசிச் சுற்றை மட்டும் சுமார் 56 நொடியில் ஓடி அரங்கத்தையே திரும்பிப் பார்க்க வைத்தார். போரில் அவருடைய விமானம் பசிபிக் கடலில் விழுந்தது. 47 நாள் ரப்பர் படகில் மிதந்தார். அப்புறம் ஜப்பானியச் சிறைமுகாம்கள், 'பறவை' என்று கைதிகள் பட்டப்பெயர் வைத்த வதனபே என்ற காவலரின் கொடுமை. ஏஞ்சலினா ஜோலி இயக்கத்தில் 2014இல் வந்த 'அன்புரோக்கன்' இதைச் சொல்கிறது. 2 மணி 17 நிமிடம்.

படம் பிடிக்காதென்று சொல்ல மாட்டேன். கடல் பகுதி பிரமாதம், பையன்கள் அசையாமல் பார்ப்பார்கள். ஆனால் நீங்கள் தேடுவது ஓட்டமும் விசுவாசமும் என்றால் இரண்டுமே இதில் குறைவு. ஓட்டம் முன்பகுதியில் நினைவுக்காட்சிகளாக வந்து முடிந்துவிடுகிறது. நம்பிக்கை, படகில் அவர் செய்யும் ஒரு பொருத்தனையோடு நிற்கிறது. அந்தப் பொருத்தனை என்ன ஆயிற்று என்பதைப் படம் கடைசியில் எழுத்தில் ஓட்டிவிட்டு முடிகிறது. ஸாம்பெரினியின் வாழ்க்கையில் முக்கியமான மாற்றமே போருக்குப் பிறகுதான். குடி, கெட்ட கனவு, உடைய இருந்த குடும்பம், 1949இல் லாஸ் ஏஞ்சல்ஸில் பிரசங்கியார் பில்லி கிரகாமின் கூடாரக் கூட்டம், அதன் பின் தன்னைச் சித்திரவதை செய்தவர்களை மன்னித்தது, இதெல்லாம் 2018இல் வேறு இயக்குநர், வேறு நடிகர்களோடு 'அன்புரோக்கன்: பாத் டு ரிடெம்ப்ஷன்' என்று தனிப்படமாக வந்தது. பில்லி கிரகாமாக நடித்தவர் அவருடைய பேரன் வில் கிரகாம்.

ஆக முதல் படத்தில் கொடுமை இருக்கிறது, மன்னிப்பு இல்லை. இரண்டாவதில் மன்னிப்பு இருக்கிறது, ஆனால் கைவினை முதல் படத்துக்குப் பக்கத்தில் நிற்காது. எது எப்போது நடக்கும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். குடிப்பழக்கத்தோடும் பழைய காயத்தோடும் போராடுகிறவர்கள் இருக்கும் கூட்டத்தில் இரண்டாவது படம் நேராகப் போய்ச் சேரும், அதை மறுக்க முடியாது. அப்படிப்பட்ட கூட்டம் என்றால் 'சாரியட்ஸ்' பற்றி யோசிக்கவே வேண்டாம், இதைப் போடுங்கள். முதல் படத்தைச் சின்னப் பிள்ளைகளுக்குப் போடாதீர்கள். முகாம் காட்சிகளில் அடி நிஜமாகவே வலிக்கிறது.

லிடெலின் மறுபாதி

2016இல் வந்த 'தி லாஸ்ட் ரேஸ்' சில நாடுகளில் 'ஆன் விங்ஸ் ஆஃப் ஈகிள்ஸ்' என்ற பெயரில் வெளியானது. சீனத் தயாரிப்பு, ஸ்டீபன் ஷின் இயக்கம், லிடெலாக ஜோசப் ஃபைன்ஸ். 'சாரியட்ஸ்' விட்ட இடத்திலிருந்து கதையை எடுக்கிறது, ஆனால் அதன் அதிகாரபூர்வத் தொடர்ச்சி இல்லை. 1925இல் லிடெல் ஓட்டத்தை விட்டுவிட்டு, பிறந்த ஊரான தியென்சினுக்கே ஆசிரியராகவும் மிஷனரியாகவும் போனார். 1941இல் கர்ப்பிணி மனைவியையும் இரண்டு மகள்களையும் கனடாவுக்கு அனுப்பினார். மூன்றாவது மகளை அவர் பார்த்ததே இல்லை. 1943இல் ஜப்பானியர் அவரை ஷாண்டோங்கிலுள்ள வெய்ஷியன் முகாமில் அடைத்தார்கள். விடுதலைக்குச் சில மாதங்களே இருந்தபோது, 1945 பிப்ரவரி 21 அன்று மூளைக் கட்டியால் இறந்தார். வயது 43.

இவ்வளவு கனமான வாழ்க்கை. படம்தான் அதற்கு ஈடுகொடுக்கவில்லை. முகாம் தளபதியோடு பந்தயம் ஓடுவது போன்ற சினிமாத்தனம் நிறைய. 'சாரியட்ஸ்' பார்க்காதவர்களுக்கு இவர் யார், ஏன் எல்லாரும் இவரைக் கொண்டாடுகிறார்கள் என்பதே புரியாது. தனியாக இதைத் தேர்ந்தெடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் வெய்ஷியன் கதையை யாராவது வாயால் சொல்லியே ஆக வேண்டும். 'சாரியட்ஸ்' தொடக்கத்தில் ஒரு காட்சி: ஞாயிற்றுக்கிழமை பந்தோடு விளையாடும் சிறுவனை நிறுத்தி, இது விளையாடும் நாளா என்று லிடெல் கேட்கிறார். மறுநாள் காலை உன்னோடு ஆடுகிறேன் என்று வாக்குக் கொடுக்கிறார். கண்டிப்பானவர் என்று நம் மனதில் பதிந்துவிடும். இருபது வருடம் கழித்து முகாமில் இளசுகள் ஞாயிறன்று ஹாக்கி ஆட ஆசைப்பட்டார்கள். மேற்பார்வைக்கு ஆள் இல்லாமல் ஆடி, அடிதடியில் முடிந்தது. அடுத்த ஞாயிறு நடுவராக வந்து நின்றவர் லிடெல். ஒலிம்பிக் தங்கத்துக்காக மாற்றாத கொள்கையை, சண்டை போடும் பிள்ளைகளுக்காகத் தளர்த்தினார். பாரிஸில் ஓடாத லிடெலை மட்டும் காட்டி அனுப்பினால், பிள்ளைகள் கையில் வெறும் விதிப்புத்தகம்தான் மிஞ்சும். இந்த ஹாக்கிக் கதையும் சேர்ந்தால்தான் ஆள் முழுதாகத் தெரிவார்.

மில்கா, ஓவென்ஸ்

'பாக் மில்கா பாக்' 2013இல் வந்தது. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதுதான் மிகவும் பிடிக்கும், சந்தேகமே இல்லை. பிரிவினையில் குடும்பத்தை இழந்த சிறுவன், ராணுவத்தில் ஒரு டம்ளர் பாலுக்காக ஓடத் தொடங்கி, 1960 ரோம் ஒலிம்பிக் 400 மீட்டரில் நொடியில் பத்தில் ஒரு பங்கில் வெண்கலத்தை விட்ட கதை. ஃபர்ஹான் அக்தரின் உழைப்பு திரையில் தெரிகிறது. மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓடும், பாட்டும் காதலும் அதில் கணிசம். ஆனால் இது விசுவாசத்தைப் பற்றிய படம் கிடையாது. காயத்தைப் பற்றிய படம். விளையாட்டு விடுதிக்கு ஏற்றது, வாலிபர் கூட்டத்தின் தலைப்புக்கு ஒட்டாது.

ஜெஸ்ஸி ஓவென்ஸைப் பற்றிய 'ரேஸ்' 2016இல் வந்தது. பெர்லினில் நான்கு தங்கம், எதிரே ஹிட்லரின் ஆட்சி, ஊரில் நிறவெறி. பார்க்கலாம். இந்தப் பட்டியலில் அதற்கு வேலை இல்லை.

அப்படியானால் யாருக்கு எது?

பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்கள், ஒரே ஒரு மாலை, படம் முடிந்து அரைமணி நேரம் பேசவும் நேரம் உண்டு என்றால் 'சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்' முழுதாகப் போடுங்கள். இடையில் வெட்டாதீர்கள். ஏப்ரஹாம்ஸ் பகுதியை வெட்டி லிடெலை மட்டும் காட்டினால் அது வேறு படம், மோசமான படம். தொடங்கும் முன் ஐந்து நிமிடம் போதும்: 1924 எப்படிப்பட்ட காலம், காசு வாங்கும் பயிற்சியாளரை ஏன் வெறுத்தார்கள், யூதர் என்றால் அன்றைய இங்கிலாந்தில் என்ன அர்த்தம். இந்த மூன்றும் தெரிந்தால் முதல் 40 நிமிடம் இழுக்காது.

ஓட்டக்காரர்களே இருக்கும் கூட்டமாக இருந்தால் 400 மீட்டர் இறுதியைப் பற்றிப் படம் சொல்லாததையும் சொல்லுங்கள். லிடெலுக்குக் கிடைத்தது வெளிப்பாதை, மற்றவர்கள் யாரும் கண்ணில் பட மாட்டார்கள். முதல் 200 மீட்டரை 22.2 நொடியில் ஓடினார், அந்தக் காலத்துக்கு அது தற்கொலை வேகம். தாங்க மாட்டார் என்றுதான் பார்த்தவர்கள் நினைத்தார்கள். இரண்டாவதாக வந்த அமெரிக்கர் ஹொராஷியோ ஃபிட்ச் 48.4. பயிற்சியாளர்கள் இந்த எண்களை வைத்தே ஒரு மணி நேரம் பேசலாம்.

பன்னிரண்டு வயதுக்குக் கீழே என்றால் இதை முழுதாகப் போட வேண்டாம். ஸ்காட்லாந்து–பிரான்ஸ் போட்டியில் லிடெல் தடுக்கி விழுந்து, எழுந்து, எல்லாரையும் பிடிக்கும் காட்சியைக் காட்டுங்கள். உண்மையில் அது 1923இல் ஸ்டோக்கில் நடந்தது, சுமார் 20 கஜம் பின்தங்கிய பிறகும் வென்றார். பிறகு 400 மீட்டர் இறுதி. மீதியைக் கதையாகச் சொல்லிவிடலாம்.

இரண்டு மாலை கிடைக்கும் என்றால்? முதல் நாள் 'சாரியட்ஸ்', இரண்டாம் நாள் ஸாம்பெரினியின் இரண்டாவது படம் என்பது என் தேர்வு. 'தி லாஸ்ட் ரேஸ்' இரண்டாவதாக வர வேண்டும் என்று சிலர் சொல்வார்கள், ஒரே மனிதரின் கதை என்பதால். ஆனால் லிடெலின் கடைசிக் காலத்தை அந்தப் படத்தைவிட, விவரம் தெரிந்த ஒருவர் இருபது நிமிடம் பேசினால் நன்றாகச் சொல்லிவிடலாம். லிடெலின் கல்லறைப் பக்கம் 1991இல் எடின்பரோ பல்கலைக்கழகம் வைத்த நினைவுக்கல்லில் படத்தில் வாசிக்கும் அதே ஏசாயா வசனம் இருக்கிறது. பேசுகிறவர் அதிலிருந்து தொடங்கலாம்.

கலந்துரையாடலில் "நீ லிடெலாக இருந்தால் ஓடுவாயா?" என்று கேட்காதீர்கள். எல்லாரும் ஓட மாட்டேன் என்று நல்ல பிள்ளையாகப் பதில் சொல்வார்கள், அதோடு பேச்சு செத்துவிடும். நீட் தேர்வு பல ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமைதான் நடக்கிறது. அதற்குப் போனவர்கள் அறையில் இருப்பார்கள், அவர்களிடமிருந்து தொடங்குங்கள். அல்லது தொடர் ஓட்டத்தில் லிடெலுக்காகக் காத்திருந்த அணியின் பக்கம் நின்று கேளுங்கள். ஏப்ரஹாம்ஸ் ஏன் ஜெயித்த பிறகு சிரிக்கவில்லை என்று கேட்டாலும் போதும், வழக்கமாகப் பேசாதவர்கள்தான் முதலில் கை தூக்குவார்கள்.

ஆங்கில எழுத்து வசனம் படத்தோடு சரியாக ஓடுகிறதா என்று முந்தைய நாளே ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். இந்தப் படத்தில் பாதி விஷயம் மெல்லிய குரலில்தான் பேசப்படுகிறது.